உப்பங்கரை ஜலமும் வீட்டுச் சோப்பும்

மரக்காணம் உப்பளங்களை அடுத்தும், தெற்கே 1968-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட ஆரோவில்லைச் சூழ்ந்துமுள்ள கிராமங்களில், தென்னந்தோப்புடைய குடியானவர்கள் சொந்த எண்ணெயைக் கொண்டு சோப்பு செய்ய முற்படின், எண்ணெயினும் ஜலத்தையே முதலிற் கவனித்தல் வேண்டும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் இன்னும் மிகுதி. இவை கலந்த கிணற்று ஜலத்திற் சோப்பைத் தேய்த்தால் நுரை எழாது. தயிர்த் திப்பிபோல் வெண்மையாகத் திரண்டு தோலிலும் துணியிலும் ஒட்டும். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள ஜலம் 10 லிட்டரில், ஏறக்குறைய 14 கிராம் தேங்காயெண்ணெய்ச் சோப்பு இவ்வாறு வீணாகிய பின்னரே நுரை நிற்கும். காய்ச்சுவதாலும் பயனில்லை, கடலுப்பினால் வந்த கடினம் கொதிக்கவைத்தால் நீங்குவதன்று.

இவ்வுலோகங்களைப் பற்றிக்கொள்ளும் வஸ்துக்களுக்குக் கீலேட் என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920-இல் இரஸாயனிகள் இட்ட பெயர் அது. கடற்கரையாருக்கு விளக்கம் வேண்டுவதில்லை. இவற்றுள் ஈ.டி.டி.ஏ. வலியது. ஆயினும் அது மண்ணில் எளிதிற் சிதையாது. குளித்த ஜலத்தை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சும் வீடுகளுக்கு, வலிமை குறைந்ததேனும் விரைவில் மக்கிவிடும் சிட்ரேட்டே தக்கது. கடையில் எலுமிச்சை உப்பு என விற்கும் சிட்ரிக் அமிலத்தினின்றே அதனை ஆக்கிக்கொள்ளலாம்.

தேங்காயெண்ணெய் 1 கிலோவுக்கு எலுமிச்சை உப்பு 10 கிராம் எடுத்து, 350 மில்லிலிட்டர் மழை ஜலத்திற் கரைக்க. அதில் காஸ்டிக் சோடா 162 கிராமைச் சிறிது சிறிதாக இடுக. சோடாவின் மேல் ஜலத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. பொங்கித் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதவை. மேற்சொன்ன 162 கிராமில் 6 கிராம் அமிலத்தை மாற்றுதற்கே செலவாகும். அதைக் கூட்டாது விட்டால் சோப்பு மெதுவாகி, எண்ணெய்ப் பிசுக்கு மிகும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் வேறுபடுவதால் இவ்வளவைக்கு உதவாது. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும்: அலுமினியம் அரிக்கும், செம்பும் துருவேறிய இரும்பும் காறலுக்கு வித்து. அவ்வுலோகங்களின் துளியையும் சிட்ரேட் கட்டிவிடுதலால், மஞ்சட்புள்ளி விழுந்து நாறுதல் தாமதப்படும். துண்டங்களை 4 முதல் 6 வாரம் நிழலிற் காயவிடுக.

முகக்களிம்புகளிலும் கீலேட் நிறமாற்றத்தைத் தடுக்கும். பூஞ்சணத்தைத் தானே தடுக்காது.

சோப்பிலுள்ள சொற்பச் சிட்ரேட் ஒரு வாளி ஜலம் முழுவதையும் மெதுவாக்கிவிடும் என்று எண்ணுதல் வீண். திரளை ஓரளவு குறைக்கும், அவ்வளவே. கடைசி அலசலுக்கு மழை ஜலம் சேமித்தலும், துணிக்குச் சலவைச் சோடா இடுதலும் வேண்டும். பொதுக்கிணற்று ஜலத்தைக் கிராம அதிகாரிகள் பரிசோதிப்பித்தல் நலம். குடிநீருக்கு விரும்பத்தக்க கடினத்தன்மை 200 மில்லிகிராம், வேறு ஜலம் கிடையாவிடில் 600 வரை.

வேப்பெண்ணெயைச் சோப்பிற் குழைத்துப் பயிருக்குத் தெளிப்பவரும் இதனை அறிதல் வேண்டும். கடின ஜலத்தில் எண்ணெய் பிரிந்து மிதந்து, ஓரிடத்தில் மிகுதியாக விழுந்து இலையைக் கருக்கும். ஒரு புட்டியில் ஜலமும் சிறிது சோப்பும் இட்டுக் குலுக்கிப் பார்த்து, நுரை நில்லாது திரிந்தால் அந்த ஜலத்தை விலக்குக.