நவரை நெல் பதராகாமல் இருக்க

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நடவு முடிந்ததிலிருந்து முழங்கால் அளவு பயிராகும் வரை மோட்டாரை நிறுத்துவதே இல்லை. கதிர் வரும் நேரத்தில் போரில் தண்ணீர் இறங்கிப்போகிறது. அறுவடையில் பாதி பதர் வந்ததும் விதையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் விதை காரணமில்லை, தண்ணீர் கொடுத்த வரிசைதான் காரணம்.

வயலைச் சமப்படுத்துங்கள். மேடு இருந்தால் அங்கேதான் முதலில் காயும்.

அடுத்து, விதைக்கும் முன்பே பூக்கும் தேதியைக் கணக்கிடுங்கள். அறுவடைக்கு சுமார் 30 நாள் முன்பு நெல் பூக்கும். 105 நாள் ரகம் என்றால் விதைத்த 75ஆம் நாள். ஜனவரி 10 விதைத்தால் மார்ச் கடைசி வாரம், பிழைத்துக்கொள்ளும். பிப்ரவரி 15க்குத் தள்ளிப்போட்டால் மே முதல் வாரம், கத்திரி வெயிலின் வாசலில் நிற்கும்.

தூர் கட்டும் காலத்தில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு அடி நீள பிவிசி குழாயில் கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்குங்கள். உள்ளே மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. தண்ணீர் இறங்கினால் பாய்ச்சுங்கள், அதற்கு முன் வேண்டாம். மேல் மண்ணில் லேசாக வெடிப்பு கண்டதும் பலர் பதறுகிறார்கள். குழாயைப் பாருங்கள், வெடிப்பைப் பார்க்காதீர்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மட்டும் இந்த அளவுக்குக் காயவிடக்கூடாது. மண்ணில் உப்பு ஏறிவிடும்.

இப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் பூக்கும் நாட்களுக்கு வையுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். நெல் பூ காலை 9 மணிக்கு மேல் நண்பகலுக்குள் திறந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் கதிரின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக உதிராது. அந்தப் பூ பதர்தான். தண்ணீர் நிற்கும் வயலில் இலை வழியே நீர் ஆவியாவதால் பயிர் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். வேர் காய்ந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், பயிரே கொதிக்கும். கதிரும் முழுதாக வெளிவராமல் அடிப்பகுதி உறைக்குள்ளேயே சிக்கி நிற்கும். வெயிலைத் தனியாகவோ காய்ச்சலைத் தனியாகவோ ஓரளவு தாங்கும் நெல், இரண்டும் சேர்ந்து வந்தால் தாங்காது.

தண்டின் மேற்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். உருண்டு தடித்திருந்தால் தொண்டைக் கதிர். அன்றிலிருந்து பூ முடிந்து ஒரு வாரம் வரை, தினமும் காலை 9 மணிக்கு முன்பே வயலில் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். "மதியம் கடல்காற்று வந்துவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். அது வரும்போது அன்றைய பூ மூடியிருக்கும்.

பூக்கும் நாட்களில் காலையில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள், மாலை 4 மணிக்கு மேல்தான். வறட்சிக்குக் கைகொடுக்கப் பொட்டாஷ் தெளிப்பவர்கள் 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் கலந்து, தொண்டைக் கதிருக்கு முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீரே இல்லாத வயலுக்கு எந்தத் தெளிப்பும் ஈடாகாது.

தண்ணீர் எல்லாவற்றுக்கும் போதாது என்று தெரிந்தால் மூன்று காணியையும் அரைகுறையாகக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். இரண்டு காணிக்கு முழுதாக விடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் மூன்றிலும் பதர் அறுப்பதைவிட இது மேல்.

பூத்துப் பத்து நாள் கழித்துக் கதிரை நெருடிப் பாருங்கள். நூற்றுக்கு 15, 20 பதர் எப்போதும் இருக்கும். அதற்கு மேல் போனால், அடுத்த ஆண்டு விதைப்பை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

விதை வாங்கும் அன்றே காலண்டரில் பூக்கும் நாளைக் குறியுங்கள். அது மே மாதத்தில் விழுந்தால் நெல்லை விட்டுவிட்டு உளுந்து விதையுங்கள்.