கொலைபாதகனுக்கு மரண தண்டனை: வேதத்தை எப்படி வாசிப்பது?

1998-ம் வருஷம் பிப்ரவரி 3-ம் தேதி அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள ஹன்ட்ஸ்வில் சிறையில், கார்லா ஃபே டக்கர் என்ற 38 வயதுப் பெண்ணுக்கு விஷ ஊசி போட்டு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். 1983-ல் போதை வெறியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து கூந்தாலியால் இரண்டு உயிரைப் பறித்தவள். பிடிபட்டபின் சிறையில் ஊழியக்காரர் நடத்திய பொம்மலாட்டத்துக்குப் போனாள். அங்கிருந்த வேதபுத்தகம் இலவசம் என்று தெரியாமல், திருடுகிறோம் என்று நினைத்தே ஒளித்து எடுத்துவந்து வாசித்தாள். அப்படித்தான் இரட்சிக்கப்பட்டாள்.

மரண தண்டனையை ஆதரித்து வந்த டெலிவிஷன் ஊழியர் பாட் ராபர்ட்சன்கூட அவளுக்காகப் பரிந்து பேசினார். கவர்னர் ஜார்ஜ் புஷ் தண்டனையை நிறுத்தவில்லை.

இந்தச் சாட்சியை நான் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். மனந்திரும்பினவளைக் கொன்றது அநியாயம் என்று கொஞ்சம் ஆவேசமாகவே பேசினேன். ஆனால் அதே நான்தான் முன்பு பலமுறை ஆதியாகமம் 9:6-ஐ எடுத்து, கொலைகாரனுக்கு மரணமே தேவநீதி என்று பிரசங்கித்தவன்! முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சகோதரி கேட்டார்கள்: "பிரதர், அந்தப் பொண்ணு ரட்சிக்கப்பட்டா, அதனால விட்டிருக்கணும்ங்கிறீங்க. என் தம்பிய வெட்டினவன் இன்னும் ரட்சிக்கப்படல. அவன என்ன செய்யணும்?" எனக்குப் பதில் வரவில்லை. ஜெபம் பண்ணி கூட்டத்தை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தேன்.

முதலில் ஆதி. 9:6. இது நியாயப்பிரமாணத்துக்கு முன்னே நோவாவுக்குச் சொல்லப்பட்டது. ஆகவே எல்லா மனுஷருக்கும் பொது என்கிறார்கள். சரிதான். மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்ற காரணமும் அங்கேயே இருக்கிறது. ஆனால் ஐந்து அதிகாரம் முன்னே போங்கள். தம்பியைக் கொன்ற காயீனை ஒருவரும் கொல்லாதபடிக்கு அவன்மேல் அடையாளம் போட்டவர் யார்? அதே தேவன்தானே (ஆதி. 4:15). ஒன்றை மனப்பாடம் பண்ணி மற்றதை மறந்துவிடுகிறோம்.

மோசேயின் பிரமாணத்தில் கொலைக்கு மட்டுமா மரணம்? பெற்றோரைச் சபிக்கிறவனுக்கு மரணம் (யாத். 21:17). ஓய்வுநாளில் வேலை செய்கிறவனுக்கும் மரணம் (யாத். 31:15). ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிற விசுவாசியை யாராவது கல்லெறியச் சொல்லுகிறோமா? அது பழைய உடன்படிக்கை, இஸ்ரவேலுக்குக் கொடுத்தது என்று உடனே விளக்கம் சொல்லுவோம். கொலை என்று வந்தால் மட்டும் அந்த விளக்கம் எங்கே போயிற்று?

இன்னொன்று. அந்தப் பிரமாணத்தையே அப்படியே பிடிப்பதென்றால், கார்லாவுக்கு இரக்கமே இல்லை. கொலைபாதகனுடைய ஜீவனுக்காக மீட்கும் பொருள் வாங்கவே கூடாது என்கிறது எண். 35:31. மனந்திரும்பினானா என்று அங்கே கேள்வியே இல்லை. கிருபையினால் அவளை விட வேண்டும் என்றால், கிருபை பாவிக்கல்லவா? இரட்சிக்கப்படாதவனைக் கொன்றால், அவன் மனந்திரும்பும் காலமும் அதோடு முடிகிறதே! சகோதரியின் கேள்வி என்னைக் குத்தின இடம் இதுதான்.

ரோமர் 13:4-ஐ விட்டுவிட்டு ஓட முடியாது. அதிகாரி பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை என்கிறார் பவுல். சாவுக்கேற்ற குற்றம் தன்மேல் இருந்தால் சாகவும் தயார் என்று பெஸ்துவின்முன் அவரே சொல்லியிருக்கிறார் (அப். 25:11). அரசாங்கத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று வேதத்திலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பவுல் எழுதின நிருபத்தில் அதிகாரப் பிரிவு கிடையாது. அது பிற்காலத்தில் போட்டது. 12:19-ல் நீங்கள் பழிவாங்காதிருங்கள் என்று விசுவாசிக்குச் சொல்லி, அந்த மூச்சிலேயே அதிகாரியைப்பற்றிப் பேசுகிறார். பட்டயம் அவன் கையில் இருக்கலாம். அதை ஓங்கு, ஓங்கு என்று கூச்சல் போடும் வேலை சபைக்குக் கொடுக்கப்படவில்லை.

ஓங்கின பட்டயம் எப்போதும் நியாயமாய்த்தான் விழுந்ததா? 1 இராஜா. 21-ஐ வாசித்துப் பாருங்கள். பிரமாணம் கேட்ட இரண்டு சாட்சிகள் வந்தார்கள், சபை கூடிற்று, எல்லாம் முறைப்படி நடந்தது. செத்தவனோ குற்றமற்ற நாபோத். யோவான் 8-ல் விபசார ஸ்திரீயை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். லேவி. 20:10 இருவரையும் அல்லவா சொல்லுகிறது? ஆண்பிள்ளை எங்கே? ஆண்டவர் பிரமாணம் தப்பு என்று சொல்லவில்லை, கல் எடுத்த கையைப் பார்க்கச் சொன்னார். இதில் தேவபக்தியுள்ளவர்களும் ஒருமனமாய் இல்லை. அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட் சங்கம் 2000-ல் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. 2018-ல் கத்தோலிக்க சபை அதை ஏற்கவே முடியாதென்று தன் உபதேசத்தைத் திருத்தியது.

கார்லாவின் கையால் செத்தவர்களில் டெபோரா தார்ன்டன் ஒருத்தி. டெபோராவின் புருஷன் தண்டனை வேண்டும் என்று கடைசிவரை நின்றார். அந்த வேதனையை நாம் குறைவாய்ப் பேசக்கூடாது. அவளுடைய சகோதரன் ரான் கார்ல்சனோ கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, கார்லாவை மன்னித்து, தண்டனை நிறைவேறின நாளில் அவள் பக்கத்துச் சாட்சியாகவே போய் நின்றார்.

அடுத்த வாரம் அந்தச் சகோதரியிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீங்க சொல்றது புரியுது பிரதர். ஆனா அவன் பேரச் சொல்லி ஜெபிக்க எனக்கு இன்னும் வாய் வரல" என்றார்கள். வற்புறுத்த நான் யார்? அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பாடத்தில் எண்ணாகமம் 35-ல் வரும் அடைக்கலப்பட்டணங்களைப் பார்ப்போம். அந்த அதிகாரத்தை முன்கூட்டியே இரண்டுதரம் வாசித்துவிட்டு வாருங்கள்.