கழிவுநீரும் நீரே!

பெங்களூரில் பேராறு ஏதும் இல்லை. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகருக்கு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை இயந்திரங்களால் ஏற்றிக் கொணர்கின்றனர். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, விடுதியில் வாளியுடன் வரிசையில் நின்றோமே, மறந்துவிட்டீர்களா, நண்பர்களே?

இவ்வூர் முன்னோர் மழைநீரைத் தேக்க, மேட்டிலிருந்து பள்ளம்வரை ஏரிகளை அமைத்துக் கால்வாய்களால் இணைத்தனர். மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு நீர் பாயும். பின்வந்தோரோ தர்மாம்புதி ஏரியில் கெம்பேகௌடா பேருந்து நிலையத்தையும், சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கையும் எழுப்பினர். எஞ்சிய ஏரிகள் பலவற்றில் சாக்கடை கலந்தது. பெல்லந்தூர் ஏரி நுரைத்தது. 2018 ஜனவரியில் தீப்பற்றியும் எரிந்தது.

அவ்வேரி நீர் தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கிறது. அவ்வணைப் பாசனத்தில்தான் என் தந்தையாரின் நிலம் உள்ளது. நுரை மிதக்கும் நீரை அவர் வயலுக்குப் பாய்ச்சுகையில், இந்நகரில் நான் துணி துவைத்த சோப்பு நீரும் அதில் உண்டென எண்ணி நாணுகிறேன்.

வழி இல்லாமல் இல்லை. ஜக்கூர் ஏரியைப் பாருங்கள். அங்கே கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்கிறது. பின்னர் சம்பும் கோரையும் அடர்ந்த சதுப்பைக் கடக்கிறது. எஞ்சிய நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் செடிகள் உணவாக உறிஞ்சுகின்றன. அதன் பிறகே நீர் ஏரியை அடைகிறது. அங்கே மீன் பிடிக்கிறார்கள், பறவைகள் வருகின்றன, அக்கம்பக்கக் கிணறுகளிலும் நீர் ஊறுகிறது.

ஆகவே, கழிவுநீர் என்பது இன்னும் தூய்மை செய்யப்படாத நீரேயாகும். விடுதிக் குளியல்நீரைத் தோட்டத்திற்குத் திருப்பும் பணியை நம் மன்றம் இவ்வாண்டே தொடங்கலாகாதா? மேட்டில் இருப்பவர் விடும் நீரையே பள்ளத்தில் இருப்பவர் ஏற்கவேண்டும் என்பதை மறவாதிருப்போம்.