ஆளோடு வாங்கலாமா, காலியாக வாங்கலாமா?

சாத்தூரில் லைன் வீடு விலைக்கு வந்தால் புரோக்கர் முதலில் சொல்வது, "வாடகை மாசாமாசம் வந்துரும்ணே." வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், சுத்தமாக இருக்கும், அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். பதினோரு மாத ஒப்பந்தமும் வெள்ளைத்தாளில் எழுதிய ஒத்தியும் வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, குடியிருப்பவருக்கு உள்ள உரிமை வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும். அதனால் கிரையத்துக்கு முன் ஒவ்வொரு கதவாகத் தட்டுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். "வாடகை இல்லீங்க, ஒத்திக்கு இருக்கோம்" என்று ஒரு அக்கா சொன்னால், அந்த ஒத்திப் பணத்தைக் கிரையத் தொகையிலிருந்தே அவர் கையில் கொடுத்து, தீர்ந்ததற்கு எழுதி வாங்கிய பிறகே பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

நீங்களே குடியேறவோ இடித்துக் கட்டவோ போகிறீர்களா? காலியாகத்தான் வாங்க வேண்டும். "பத்திரம் முடிஞ்சதும் போயிருவாங்க" என்ற பேச்சை நம்பாதீர்கள். போகவில்லை என்றால், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியவர் நீங்கள்தான். சாவி கைக்கு வரும்வரை பாக்கித் தொகையை நிறுத்தி வையுங்கள்.

வாடகை வருமானம்தான் நோக்கம் என்றால், ஒழுங்காகக் கொடுக்கும் குடும்பங்களோடு வாங்குவதையே நான் சொல்வேன். பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்களை எதற்குக் கிளப்ப வேண்டும்? அவர்கள் கொடுத்த அட்வான்ஸை விலையில் கழியுங்கள். காலி செய்யும் நாளில் அவர்கள் உங்களிடம்தான் கேட்பார்கள். பழைய வாடகைப் பாக்கி, தனியே எழுதிக்கொள்ளாவிட்டால், விற்றவருக்கே சேரும். வீடு கைமாறியதை எல்லோருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அது தெரியாமல் பழைய ஓனரிடம் கொடுத்த வாடகையை மறுபடி கேட்க முடியாது. பிறகு புதிய ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் நடக்கும் கட்டடம் என்றால் கணக்கே வேறு. மாத வாடகை வீட்டுக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு போதும். உற்பத்திக்கு விட்ட இடத்துக்கு, ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், ஆறு மாதம் கேட்க இடமுண்டு. சீக்கிரம் காலியாகும் என்ற நினைப்பில் அதை வாங்காதீர்கள். ஆபீஸ் நடத்துபவரிடம் முதலில் உட்கார்ந்து பேசி, எத்தனை வருஷம் இருப்பார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு விலை பேசுங்கள்.