மாடிப்படிக்கு எவ்வளவு இடம் விடலாம்?

கீழே கடை, மேலே குடியிருப்பு என்பது நம் வணிகர்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. செங்கல்பட்டு பஜார் பகுதியானாலும், மாமல்லபுரம் கடற்கரைச் சாலையானாலும், முன்பு குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தைக் கடையாக்கி, மேலே இரண்டு அறை கட்டிக்கொண்டு குடும்பத்தை மாடிக்கு மாற்றுகிறோம். அப்போது எல்லோருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: "படிக்கட்டுக்கு எவ்வளவு இடம் போகும்?"

கடையின் ஒவ்வொரு சதுர அடியும் நமக்குப் பணம். அதனால் "படியைக் கொஞ்சம் நெட்டுக்குத்தலாகவே வைத்துவிடுங்கள்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுகிறோம். அந்தச் சிக்கனம் உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதை வணிகர் முறையிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம்.

பாதமே அளவுகோல்

படியில் இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று, பாதம் பதியும் மிதி அகலம். மற்றது, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரம். மேஸ்திரிகள் இவற்றை ட்ரெட், ரைசர் என்பார்கள். இரண்டு உயரமும் ஒரு மிதியும் சேர்ந்து சுமார் 24 அல்லது 25 அங்குலம் வரவேண்டும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளாண்டல் எழுதி வைத்த விதி. சமதரையில் நாம் எடுத்து வைக்கும் ஓர் எட்டின் அளவுதான் அதற்கு ஆதாரம்.

இந்த விதி மட்டும் போதாது. 9 அங்குல உயரம், 7 அங்குல மிதி என்றாலும் கூட்டுத்தொகை 25தான். ஆனால் நம் பாதம் ஏறக்குறைய 10 அங்குலம். 7 அங்குல மிதியில் ஏறும்போது முன்பாதம் மட்டும் பதிந்தால் போதும். இறங்கும்போதுதான் குதிகால் இடிக்கும், விரல்கள் வெளியே தொங்கும். மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலுள்ள ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலுக்குப் பாறையில் வெட்டிய செங்குத்தான படிகளில் ஏறியவர்களுக்கு இது புரியும். ஏறுவது எளிது, இறங்கும்போது காலைப் பக்கவாட்டில் வைக்கத் தோன்றும். இப்போதைய கலங்கரை விளக்கம் வருமுன் அந்தக் கோயிலின் மேல்தான் விளக்கு எரிந்தது. எப்போதாவது ஏறுபவருக்கு அது சரி. தினம் இருபது முறை ஏறி இறங்கும் வீட்டாருக்குச் சரிவராது.

இதனால்தான் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வீட்டுப் படிக்கு மிதி 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், உயரம் 19 சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருக்கச் சொல்கிறது. நம் அளவில் மிதி 10 அங்குலம், உயரம் ஏழரை அங்குலம்.

கணக்கு

கீழ்த்தரையிலிருந்து மேல்தரை வரை 10 அடி, அதாவது 120 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை அங்குலம் வீதம் 16 ஏற்றங்கள். மேல்தரையே கடைசிப் படியாவதால் மிதிகள் 15. நீளம் 150 அங்குலம், அதாவது பன்னிரண்டரை அடி. அகலம் 3 அடி என்றால் 37½ சதுர அடி.

நெட்டுக்குத்தான படிக்கு 13 ஏற்றம், 7 அங்குலத்தில் 12 மிதி. நீளம் 7 அடி. இடம் 21 சதுர அடி. மிச்சம் 16½ சதுர அடி என்று மனம் சொல்லும்.

இனிப் படிக்கு அடியில் உள்ள இடத்தைப் பாருங்கள். உயரமான பாதியை மட்டும் சரக்கு வைக்கப் பயன்படுத்தினால், முதல் வகையில் சுமார் 19 சதுர அடி திரும்பக் கிடைக்கிறது, இரண்டாவதில் பத்தரைதான். இரண்டையும் கழித்தால் உண்மையான வித்தியாசம் 8, 9 சதுர அடிதான். சில மூட்டைகள் அடுக்கும் இடம். அதற்காக வீட்டுப் பெரியவர்களின் இடுப்பெலும்பைப் பணயம் வைக்கலாமா?

ஜப்பானிய வணிகர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். எடோ காலத்தில் (1603–1868) படியின் பக்கவாட்டில் இழுப்பறைகளும் அலமாரிகளும் அமைத்து, படிக்கட்டையே பெட்டகமாக்கினார்கள். கைதான்-தான்சு என்று அதற்குப் பெயர்.

எந்த வடிவம்?

நம் கடைகள் பெரும்பாலும் முகப்பு குறுகி, உள்ளே நீண்டவை. அவற்றுக்குப் பக்கச் சுவரையொட்டிய நேர்ப்படியே சிக்கனம். நடுவில் திரும்பும் இரட்டைப் படி நீளத்தில் 9 அடிக்குள் அடங்கும். ஆனால் ஆறரை அடி அகலம் கேட்கும், 57 சதுர அடியை விழுங்கும். மூலையில் திரும்பும் முக்கோணப் படிகள் உட்பக்கம் கூர்மையாக முடியும். வைத்தே தீரவேண்டுமானால் கீழ்க்கோடியில் வையுங்கள். தவறினாலும் விழும் உயரம் குறையும்.

சுருள்படி 5 அடிக்கு 5 அடியில் முடிந்துவிடும். ஆனால் அதில் பீரோ ஏறாது, கட்டில் ஏறாது, நோயாளியைத் தூக்கி இறக்கவும் முடியாது. பின்புற இரண்டாம் வழியாக மட்டும் வைக்கலாம். கடற்கரைப் பக்கம் இரும்புச் சுருள்படி வைப்போர் உப்புக்காற்றை மறக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பும், தண்ணீர் தேங்காத படித்தட்டும் தேவை. இடக்கால், வலக்கால் என மாற்றி மாற்றி வைக்கும் அரைப்படி பரணுக்குத்தான் பொருந்தும்.

தலை இடிக்காமல்

கூரையில் விடும் திறப்பைப் பலர் 5, 6 அடியில் முடித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில், 5 அங்குலக் கான்கிரீட் தளம் என்றால், நாலாவது படி வரைதான் தலைக்கு மேல் 7 அடி இருக்கும். ஐந்தாம் படியிலிருந்து மேலே திறந்திருக்க வேண்டும். அதற்குத் திறப்பு ஒன்பதரை அடி நீளம் வேண்டும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கட்டைகள் ஓடும் திசையிலேயே திறப்பின் நீளம் அமைந்தால் குறைவான கட்டைகளை வெட்டினால் போதும். வெட்டிய முனைகளைத் தாங்கக் குறுக்கு உத்திரம் கொடுக்க வேண்டும். பிரதான உத்திரத்தைத் தொடவே கூடாது. கான்கிரீட் தளமானாலும் பொறியாளர் பார்க்காமல் கம்பியை அறுக்க விடாதீர்கள்.

தீ என்று ஒன்று உண்டு

மளிகைக் கடையில் எண்ணெய், கற்பூரம், தீப்பெட்டி, காலிச் சாக்கு எல்லாம் உண்டு. கடைக்குள்ளிருந்தே திறந்த படி மேலே போனால், இரவில் கீழே பற்றும் தீயின் புகைக்கு அதுவே புகைபோக்கி. மேலே உறங்குவோருக்கு இருந்த ஒரே வழியும் அடைபடும். ஆகவே படிக்கும் கடைக்கும் நடுவே செங்கல் சுவர் எழுப்பி, படிக்குத் தெருவில் தனிக் கதவு வையுங்கள். அந்தக் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். படிக்கு அடியிலுள்ள கிடங்குக்கு வாசல் கடைப்பக்கமே இருக்கட்டும். அங்கே உப்பு, பருப்பு, பாத்திரம் வைக்கலாம், மேலே சொன்னவை ஆகாது. படியின் மேல் எந்தச் சரக்கையும் அடுக்கக் கூடாது.

அனுமதி

உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபட அனுமதி பெற்ற பிறகே சுவரைத் தொடுங்கள். மாமல்லபுரத்தார் இன்னொன்றும் அறிய வேண்டும். 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அங்கே பழுதுபார்க்கவும், அதற்கடுத்த 200 மீட்டருக்குள் கட்டவும் தனி அனுமதி வேண்டும்.

வேலை தொடங்குமுன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் படியின் நீள அகலத்தைக் குறியுங்கள். சுவரில் ஒவ்வொரு படியையும் வரையுங்கள். எல்லாப் படியும் ஒரே உயரமா என்று நாடாவால் அளந்து பாருங்கள். ஒரு படி அரை அங்குலம் மாறினாலும் கால் தடுக்கும். கைப்பிடிக்கு 3 அடிக்குக் குறையாத உயரம் வையுங்கள். வீட்டில் மூத்தவரை அழைத்து அந்த அளவுகளைக் காட்டி, அவர் தலையசைத்த பிறகு சென்ட்ரிங் வேலைக்கு ஆள் சொல்லுங்கள்.