மலை ஏறுகிறவளுக்கு எதற்குப் பிலாட்டீஸ்?

“தினம் மலை ஏறி இறங்குறவளுக்குத் தனியா என்ன எக்ஸசைஸ்?” ஹட்டன், நுவரெலியா பக்கம் கர்ப்பகால உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். நாளுக்குப் பதினெட்டு கிலோ கொழுந்து கேட்கிற தோட்டத்தில், கூடைக் கயிறு தலையை இழுக்கச் சரிவில் காலை ஊன்றி நிற்கிறவளிடம் போய் உடம்பை அசைக்கச் சொல்வது கேலியாகக்கூட இருக்கும்.

ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. கொழுந்து பறிக்கையில் கையும் தோளும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. கழுத்தும் இடுப்பும் பாரத்தைத் தாங்கியே களைத்துப்போகின்றன. களைத்தாலும் நினைத்த நேரத்தில் உட்கார முடியாது. கனம் தூக்குவதும் நெடுநேரம் நிற்பதும் குறைமாதப் பிரசவ அபாயத்தைச் சற்றுக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தன் போக்கில் செய்கிற மிதமான பயிற்சியின் மேல் அப்படி ஒரு பழி இல்லை. சிக்கலில்லாத கர்ப்பிணிக்கு வாரம் 150 நிமிட மிதமான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. கொழுந்து பறிக்கும் பெண் அதைத் திங்கட்கிழமையே முடித்துவிடுவாள் என்று வாதாடலாம்தான். அவளுக்குக் குறைவது அசைவல்ல. சீரான மூச்சும், நிமிர்ந்த முதுகும், இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான கவனமும்தான். பிலாட்டீஸ் என்ற பயிற்சி முறை பார்ப்பதும் அவற்றைத்தான்.

“அது கொழும்புப் பணக்காரங்க சமாச்சாரம், மெஷின் வேணும்.” வேண்டாம். 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் அடைத்துவைக்கப்பட்டிருந்த காலத்தில் தன் முறையைப் பட்டை தீட்டினார். தடுப்பு முகாமில் செய்ய முடிந்ததை லயத்துக் காம்பராவிலும் செய்யலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். சிமெந்துத் தரை குளிர்ந்தால் கம்பளியை மடித்துக் கீழே போடுங்கள். கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மெல்ல மேலே வளைத்து, பிறகு நேராக்குவது. இடப்பக்கம் சாய்ந்து படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குவது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிமிர்வது. தொடங்க இவ்வளவே போதும். கர்ப்பத்தில் மூட்டு இணைப்புகள் தளர்ந்திருக்கும். அதனால் எட்டும் அளவுக்கு மேல் இழுத்து நீட்ட வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்பவற்றையும் விட்டுவிடுங்கள். கர்ப்பப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றலாம்.

“கையைத் தூக்கினா கொடி சுத்திக்கும்.” இதைச் சொல்லாத மாமியார் இல்லை. நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. பெரும்பாலும் கேடின்றிப் பிறக்கிறது. சுற்றுவது உள்ளே பிள்ளை புரளுவதால். அம்மாவின் கைக்கும் கொடிக்கும் தொடர்பே இல்லை. இருந்தால், உயரத் துணி காயப்போட்ட அத்தனை பேருக்கும் சுற்றியிருக்க வேண்டும்.

உயரமான இடத்தில் பயிற்சி ஆகாது என்று இணையத்தில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்களும் உண்டு. அந்த எச்சரிக்கை உயரத்துக்குப் பழகாதவர்களுக்கானது. நுவரெலியா சுமார் 1,868 மீட்டர். இங்கேயே வாழ்கிறவர்களின் உடம்பு அதற்குப் பழகியது.

இந்தப் பயங்களுக்கு நேர்மாறான நம்பிக்கை, பிலாட்டீஸ் செய்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்பது. அப்படி உத்தரவாதம் தருகிறவர் விற்பனைக்காரர். முதுகுவலி தணியலாம், உடம்பு தெம்பாகலாம். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது.

எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து நீர் கசிவது, நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கர்ப்பகால உயர் பிரஷர் இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் கிளினிக்கில் கேளுங்கள். செய்துகொண்டிருக்கையில் நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே நிறுத்துங்கள். தோட்டங்களில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரத்தசோகை. படியேறவே மூச்சு வாங்கினால் கிளினிக்கில் காட்டுங்கள். இரத்தசோகை என்றால் அதற்கு மருந்து பயிற்சி அல்ல, அங்கே தரும் இரும்புச்சத்து மாத்திரை. அதையும் தேத்தண்ணியோடு விழுங்கினால் பயன் பாதியிலேயே போய்விடும். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கிறவர்கள், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணிநேரமாவது தேத்தண்ணியைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளை பிறந்த பிறகு வேறு பேச்சுகள். “வயித்தை இறுக்கிக் கட்டினா உள்ளே போயிரும்.” பழைய சேலைத் துணியை அளவாகக் கட்டினால் இடுப்புக்கு ஆதரவு கிடைக்கும். இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கனவே தளர்ந்த அடித்தளத் தசைகளை இன்னும் தள்ளும். நடு வயிற்றில் விலகிய தசைகளைத் துணி கூட்டிச் சேர்க்காது. நோர்வேயில் 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், பிரசவித்து ஆறு வாரத்தில் 60 வீதத்தினருக்கும் ஒரு வருடம் கழித்து மூன்றில் ஒருவருக்கும் அந்த விலகல் இருந்தது. அவசரப்பட்டுப் படுத்தெழும் பயிற்சிகளில் இறங்குவதும் தவறு. முதல் நாட்களில் மூச்சும் மெதுவான நடையும் போதும். சிசேரியன் என்றால் வயிற்றுப் பயிற்சிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து, தையலை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

“பிள்ளை பெத்தவளுக்குச் சொட்டுறது சகஜம்.” இந்தப் பேச்சுதான் எல்லாவற்றிலும் கெட்டது. இருமினால், கூடையைத் தூக்கினால் சிறுநீர் கசிவது பலருக்கும் வருகிறது என்பது உண்மை. அதோடு வாழ்ந்து தீர்க்க வேண்டும் என்பதுதான் பொய். இந்தத் தசைகளுக்கான பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கீகல் 1948இலேயே எழுதிவிட்டார். சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல உள்ளே இழுத்து, சில விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. மலையில் கக்கூஸ் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல், மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்பது பயிற்சி அல்ல. சிறுநீர்த் தொற்றுக்குத்தான் வழி. அது அந்தப் பெண்ணின் குறையல்ல, தோட்ட நிர்வாகத்தின் குறை.

2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. அதற்கு முன் அதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் 84 நாள் முடிந்ததும் உடம்பு பழைய கூடைக்குத் தயாராகிவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. மலைக்குத் திரும்பும் முதல் வாரங்களில் கூடை நிரம்பும்வரை காத்திராமல் பாதியிலேயே இறக்குங்கள். தூக்கும் கணத்தில் மூச்சை வெளியே விட்டு அடித்தளத்தை உள்ளே இழுங்கள். மூன்று மாதமாகியும் கசிவு நிற்கவில்லை என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளின் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசியாக, சூட்டுப் பால். வேலையோ பயிற்சியோ செய்து வந்தவள் முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும் என்பார்கள். கொட்டாதீர்கள். மிதமான அசைவால் பால் கெடுவதில்லை. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகள் சட்டப்படி உங்களுக்கு உண்டு. பிள்ளைக் காம்பராவுக்கு வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். மருந்தடித்த மலையிலிருந்து வந்திருந்தால் மட்டும் கையையும் மார்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு கொடுங்கள்.