முட்டை விலையும் ஆண்டவர் சித்தமும்

‘எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன்’ என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்கிறவர், திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். எதை ஒப்புக்கொடுப்பது, எதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் அவருக்குப் பிரித்துக் காட்டவில்லை.

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி நாளுக்குப் போட்டாயிற்றா, தீவனத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் கலந்துவிட்டதா, தண்ணீர்க் குழாய் சுத்தமா, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்பதெல்லாம் அவர் பாடு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற விலை அவர் பாடு அல்ல. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல் கோழிகளுக்கு நோய் இல்லை. ஆனாலும் இங்கே முட்டை தேங்கியது, விலை விழுந்தது. பழுதில்லாமல் பண்ணை நடத்தியவரும் அடி வாங்கினார். அந்த அடியைத் தடுக்க அவரால் முடிந்திருக்காது. அப்படித் தடுக்க முடியாத இடம்தான் ஆண்டவரிடம் விடவேண்டிய இடம். தடுப்பூசி அட்டவணையையும் அதோடு சேர்த்து விட்டுவிட்டால் அது விசுவாசம் ஆகாது. பண்ணையைப் பாராமல் விட்டதுதான்.

நடைமுறையில் நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கையில் இருக்கும் வேலையை ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று தள்ளிப்போடுகிறோம். கையில் இல்லாத விலையை மட்டும் நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் விரட்டுகிறோம். எனவே முதல் யோசனை மிகச் சிறியது: விலையை நாளுக்கு ஒரு தடவை பாருங்கள், நோட்டில் எழுதுங்கள், அன்றைக்கு அதோடு விடுங்கள். ராத்திரி ஜெபத்தில் ‘என் தொழிலை ஆசீர்வதியும்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை கட்டவேண்டிய லாரித் தவணை எவ்வளவு, கையில் இருப்பது எவ்வளவு, துண்டு விழுவது எவ்வளவு என்று தொகையைச் சொல்லியே கேளுங்கள். தொகை வாயில் வரும்போதுதான், நாளைக்கு ஃபைனான்ஸ்காரரிடம் நேரில் போய் அவகாசம் கேட்க வேண்டும் என்பதும் மனசில் தட்டும். ஜெபம் அந்த வேலையையும் கையில் கொடுத்தே அனுப்பும்.

வேதாகமத்தில் இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். எருசலேம் அலங்கத்தைக் கட்டிய நெகேமியா, எதிரிகள் வருகிறார்கள் என்று கேட்டதும் ஜெபம் பண்ணினான். அதே மூச்சில் இரவும் பகலும் காவல் வைத்தான். பவுல் அப்போஸ்தலன் தன் முடிவு நெருங்கிவிட்டது என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிற கடைசிக் கடிதத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்து வா, குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேர் என்கிறார். சாவை ஆண்டவரிடம் விட்ட மனிதர், குளிருக்குப் போர்த்துவதை விடவில்லை. எனக்கு அந்த மேலங்கி வசனம் பல பிரசங்கங்களைவிட உதவியாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொடுப்பது என்றால் ஆசையே இல்லாததுபோல நடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ‘உம் சித்தம்’ என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டால் பக்தி கூடுதல் என்று ஒரு எண்ணம். கெத்செமனேயில் இயேசு அப்படித் தொடங்கவில்லை. இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று முதலில் கேட்டார், மூன்று தடவை கேட்டார், கூட விழித்திருக்க நண்பர்களையும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்ட பிறகுதான் சித்தத்துக்கு விட்டார். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறவர்கள் இந்த வரிசையைப் பின்பற்றலாம். என்ன வேண்டும் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ‘எதுவானாலும் சரி’ என்கிறவர்தான், கேட்காதது நடக்கும்போது ஆண்டவர்மேல் கோபித்துக்கொண்டு ஆராதனைக்கு வருவதை நிறுத்துகிறார்.

கேட்டது கிடைக்காமல் போனவர்களின் கதை ஒன்று நம் கொல்லிமலையிலேயே இருக்கிறது. இங்கிலாந்து மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913-ல் திருமணமாகி அந்த மலையில் குடியேறினார்கள். சேந்தமங்கலத்தில் அவர்களுடைய மிஷன் இருந்தது. அங்கிருந்து காட்டுப்பாதையில் ஏறவேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு போட்ட தார்ச்சாலை எல்லாம் வெகு பிந்தி வந்தது. மலேரியாவுக்குப் பேர்போன மலை. வருஷக்கணக்கில் ஒருவரும் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. அதற்காக ஜெஸ்ஸி முழங்காலில் மட்டும் இருந்துவிடவில்லை. வீடு கட்டினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பல் பிடுங்கினார், பள்ளிக்கூடம் வைத்தார். நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தார். அந்தப் புழு குடிதண்ணீர் வழியாகப் பரவுவதால், கால் வைத்து இறங்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிக் கல் கட்டச் செய்தார். 1918-19 இன்ஃபுளுவென்சாவில் மலை நடுங்கியபோது இருவரும் கஞ்சி காய்ச்சி வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் சாகும் தறுவாயில் தன் பெண்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். மலைக்காரர்களின் மனசு திரும்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எத்தனை பேர் சேர்வார்கள், எப்போது சேர்வார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்கவில்லை. கஞ்சிப் பானை இருந்தது.

1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி வருகிற நோய் அது. வயது 44. மகன் பால் அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். மரணத் தந்தி போய்ச் சேர்ந்த பிறகும் அப்பா கைப்பட எழுதிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. ஆண்டவர் இப்படி ஏன் விட்டார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் துக்க வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டேன். சாவு விழுந்த வீட்டில் ‘எல்லாம் நன்மைக்கே, அவர் நோக்கம் பெரியது’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லாதீர்கள். காப்பி போட்டுக் கொடுங்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுங்கள், இறப்புச் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்கு யார் போவது என்று பாருங்கள்.

இதே குடும்பத்தில் நான் பின்பற்றச் சொல்லாத ஒன்றும் உண்டு. 1923-ல் பாலுக்கு ஒன்பது வயது. அவனையும் தங்கை கோனியையும் இங்கிலாந்தில் உறவினர்களிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் அதன்பின் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அந்தக் காலத்து மிஷனரிகளுக்கு அது வழக்கம். பிள்ளைகளும் நன்றாக வந்தார்கள்: பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் அறுவைசிகிச்சையால் விரியவைத்த மருத்துவராக உலகப் புகழ் பெற்றார். விளைவு நன்றாக அமைந்ததால் பிரிவு சரியாகிவிடாது. பிள்ளையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தேன் என்று சொல்லி, பிள்ளைக்குப் பெற்றோர் தரவேண்டியதைத் தராமல் இருக்க முடியாது.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வருகிற பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். மார்க், நீட், மெடிக்கல் சீட்டு என்று வரும்போது நம் ஜெபம் பேரமாகிவிடுகிறது. ‘சீட்டுக் கிடைத்தால் முதல் சம்பளம் முழுதும் காணிக்கை’, ‘இவன் டாக்டரானால் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்’ என்று பிள்ளையைக் கேட்காமலே பொருத்தனை பண்ணுகிறோம். கையிலிருந்து விடுவதுபோலத் தெரிந்தாலும் பிடி இன்னும் இறுகுகிறது. இனி அவன் தோற்றால் நமக்கு மட்டுமல்ல, ஆண்டவருக்கும் கடன்காரன். அப்படிப் பொருத்தனை பண்ணியிருந்தால் போதகரிடம் பேசி அதிலிருந்து விடுபடுங்கள். பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி டெஸ்ட் மார்க்காக இருக்கக் கூடாது; சாப்பாடு, தூக்கம், கூட இருக்கிற பையன்கள் என்று கேளுங்கள். தூங்க முடியவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழில் பேசலாம். ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுப்பது அதற்கப்புறம்.

ஒப்புக்கொடுத்தல் என்ற பெயரில் நடக்கிற ஆபத்தான காரியங்கள் சில. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து சர்க்கரை மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மனநோய்க்கான மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் ஊழியக்காரர்களும் இருக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ஆண்டவர் சுகம் கொடுத்திருந்தால் டாக்டரின் பரிசோதனையில் அது தெரியும், அவரே குறைப்பார். போனில் தீர்க்கதரிசனம் சொல்லிவிட்டு ஜிபே எண் அனுப்புகிறவர்களிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். கடன் தீர இன்னொரு கடன் வாங்கிக் காணிக்கை வைப்பதும் வேண்டாம்.

இதைவிட மோசமானது, அடிக்கிற கணவனிடம் பொறுத்துப் போகும்படி பெண்ணிடம் சொல்வது. ‘நீ ஒப்புக்கொடு, அவர் அவனை மாற்றுவார்’ என்று மூத்த சகோதரிகளே சொல்லி அனுப்புகிறார்கள். அங்கே அவள் ஒப்படைக்கப்படுவது கர்த்தரிடம் அல்ல, அடிக்கிறவன் கையில். அந்தப் பெண் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போகலாம், 181-க்குப் போன் போடலாம், மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அதில் எதுவும் அவிசுவாசம் அல்ல. கட்டுப்பாட்டை விடவேண்டியவன் கையை ஓங்குகிறவன். அவனைப் போய்ப் பார்க்கிற தைரியம் சபை மூப்பர்களுக்கு வரவேண்டும்.

முடிவெடுப்பது பற்றி இரண்டு வார்த்தை. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை வைத்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்காதீர்கள். புது வருஷ ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை வைத்துப் பெண்ணுக்கு வரன் முடிக்காதீர்கள். ஜெபியுங்கள், கணக்குப் போடுங்கள், உங்களுக்குப் பயப்படாத ஒருவரிடம் யோசனை கேளுங்கள், ஒரு தேதி வையுங்கள், அந்தத் தேதியில் முடிவெடுங்கள். தவறாகப் போனாலும் ஆண்டவர் உங்களைக் கைவிட்டுவிடுவதில்லை என்று நம்புவதும் இதில் ஒரு பங்கு.

கடைசியாக, சபைப் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு. ஜெஸ்ஸி இறந்தபின் ஈவ்லினை மிஷன் அந்த மலையில் பணியாற்ற விடவில்லை, சமவெளியில் வேலை கொடுத்தது. அவர் மனமில்லாமல்தான் செய்தார், ஆனாலும் செய்தார். 1947 வாக்கில், வயது 68, ஓய்வு பெறச் சொன்னார்கள். பெற்றார். பெற்ற கையோடு மிஷனிலிருந்து விலகி, தன் சொந்தப் பொறுப்பில் கொல்லிமலை ஏறினார். பிறகு பக்கத்து மலைகளுக்கும் போனார். மட்டக்குதிரையில் போனார். இடுப்பு எலும்பு முறிந்தபிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தபோது வாழவந்தியில் கணவர் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பதவி, சம்பளம், கமிட்டி அங்கீகாரம் எல்லாவற்றையும் விட்டவர் பணியை மட்டும் விடவில்லை. நம் சபைகளில் பல இடங்களில் இது நேர்மாறாக நடக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கமிட்டித் தேர்தல் சமயத்தில் சேலத்திலும் நாமக்கல்லிலும் எத்தனை ஜெபக் குழுக்கள் திடீரென்று சுறுசுறுப்படைகின்றன என்பது ஆலய வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

பத்து வருஷமாக நீங்களே பொருளாளராகவோ ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளராகவோ இருந்தால், ஒப்புக்கொடுத்தலைப் பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இந்த வருஷமே இளையவர் ஒருவரைக் கூட உட்காரவைத்து ரசீது புத்தகம், வங்கிக் கணக்கு, கல்லறைத் தோட்டப் பதிவேடு எல்லாவற்றையும் காட்டுங்கள். மார்ச் 31 கணக்கு முடிந்ததும் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர் தப்பாகக் கூட்டினால் அவராகக் கேட்கிறவரை வாயைத் திறக்காதீர்கள். பணம் குறைந்தால் மட்டும் திறங்கள்.